குடியை நிறுத்திய நண்பருக்கு எதை ஊற்றுவது? கொழும்பு மேசைகளில் ஜின்ஜர் பியர்: ஒரு மதிப்பீடு

கொழும்பில் வேலை முடிந்து நண்பர்கள் கூடுகிற மேசைகளில், குடியை நிறுத்திவிட்ட ஒருவர் இப்போது அநேகமாக இருக்கிறார். ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு என்று டொக்டர் சொல்லியிருப்பார். இன்னொருவருக்கு இரத்த அழுத்தம். வேறொருவர் எவருக்கும் காரணம் சொல்லாமல் தாமாகவே முடிவெடுத்திருப்பார். குடியை விட்டதால் அவர்கள் கூட்டத்தையும் விட்டுவிட விரும்புவதில்லை. கதையும் சிரிப்பும் பொரித்த கணவாயும் அவர்களுக்கும் வேண்டும். அவர்கள் முன்னால் எதை வைப்பது என்பதில்தான் நமது கடைகளும் நாமும் தடுமாறுகிறோம். அந்த இடத்துக்கு எலிபன்ட் ஹவுஸ் ஜின்ஜர் பியர் எவ்வளவு பொருந்துகிறது என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன். வெயிலில் அலைந்துவிட்டு வந்து தாகத்துக்குக் குடிக்கிற சோடாவாக அதைப் பார்ப்பது வேறு. சாராயமும் பியரும் நிற்கிற மேசையில், அவற்றைத் தொடாத ஒருவர் இரண்டு மூன்று மணிநேரம் கையில் வைத்திருக்கக்கூடிய பானமாக அதைப் பார்ப்பது வேறு.

எலிபன்ட் ஹவுஸ் பானங்களைத் தயாரிக்கும் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் நிறுவனத்தின் தொடக்கம் 1866 ஆம் ஆண்டு கொழும்பில் ஏற்பட்ட ஐஸ் கொம்பனிக்குப் போகிறது. நெக்டோவும் கிரீம் சோடாவும் பிள்ளைகளின் பிறந்தநாள் மேசைக்கு உரியவை என்றால், 'ஈ.ஜி.பி' என்று எல்லோரும் சொல்லுகிற ஜின்ஜர் பியர் பெரியவர்களின் மேசையிலும் எப்போதும் இடம் பெற்று வந்திருக்கிறது. தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் சாராயத்தோடு இதைக் கலந்து குடிப்பது இந்நாட்டில் ஊறிப்போன வழக்கம். பெயரில் பியர் இருந்தாலும் இதில் மதுசாரம் இல்லை என்பதை, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்காக ஒருமுறை சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. சாராயம் குடிக்கிறவர்களுக்காக எப்படியும் மேசைக்கு வரப்போகிற ஒரு போத்தல்தான் இது என்பதால், குடிக்காதவருக்காகத் தனியாக ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்த தோற்றம் இதில் ஏற்படுவதில்லை. இந்தப் பானத்தின் முதற் பலமாக நான் கருதுவது இதைத்தான்.

இரண்டாவது பலம் அதன் காரம். நன்றாகக் குளிர்ந்த போத்தலைத் திறந்து கிளாஸைச் சாய்த்து ஊற்றி, முகத்துக்குக் கிட்டக் கொண்டுவரும்போதே இஞ்சி மணம் மூக்கைத் தொடுகிறது. முதல் வாயில் இனிப்புத்தான் முன்னே வருகிறது. விழுங்கிய பிறகு தொண்டையின் அடியில் ஒரு சூடு எழுந்து, சில வினாடிகள் நின்று, மெல்ல இறங்குகிறது. அந்தச் சூடு இருப்பதால் எவரும் இதை மடமடவென்று குடித்து முடிப்பதில்லை. இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கோலாவையோ தோடம்பழச் சாற்றையோ வாங்கிக்கொடுத்துப் பாருங்கள்: பத்து நிமிடத்தில் கிளாஸ் காலியாகிவிடும், மற்றவர்கள் முதற் கிளாஸில் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள், வெறுங்கையோடு இருக்கும் ஒருவரைப் பார்த்ததும் மேசையில் எவருக்காவது உபசரிக்கும் ஆசை வந்துவிடும். "ஒண்டு மட்டும் எடு மச்சான், ஒண்டும் செய்யாது" என்ற பேச்சு பெரும்பாலும் அந்த வெறுங்கையைக் கண்ட பிறகுதான் தொடங்குகிறது. ஜின்ஜர் பியர் மற்றவர்களின் வேகத்தோடு சேர்ந்து இறங்குவதால் அந்தப் பேச்சுக்கு இடம் குறைகிறது. டெவில்ட் கோழி, பொரித்த நெத்தலி, மிளகாய்த்தூள் தூவிய மரவள்ளிப் பொரியல் ஆகியவற்றின் உறைப்புக்கும் இஞ்சி நன்றாக ஈடுகொடுக்கிறது. பால் கலந்த மொக்டெயில்களும் பழச்சாறுகளும் அந்த இடத்தில் திகட்டிவிடுகின்றன.

உபசரிப்பைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. விரதத்தை மதிப்பதற்கு நமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 41 நாட்களும் நம்மோடு வந்து தேநீரோடு இருந்துவிட்டுப் போகலாம். எவரும் அவரை வற்புறுத்த மாட்டார்கள். கந்தசஷ்டியின் ஆறு நாட்களிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் அப்படியே. முஸ்லிம் நண்பரின் முன்னால் சாராயப் போத்தலை நகர்த்துவதற்கு எவருக்கும் மனம் வராது. அதே மேசையில், எந்த நேர்த்தியும் இல்லாமல், தனக்கு வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் மட்டும் அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறோம். டொக்டர் சொன்னாரா, வீட்டில் பிரச்சினையா, எத்தனை நாளைக்கு என்று கேள்வி மேல் கேள்வி வருகிறது. கடவுளுக்குக் கொடுத்த வாக்குக்குக் கிடைக்கிற மரியாதை, தன் உடம்புக்குக் கொடுத்த வாக்குக்கும் கிடைக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு பானத்தின் மதிப்பீட்டில் இது ஏன் வருகிறது என்றால், இந்த மேசையில் நல்ல பானம் என்பது கேள்வி எழாமல் பார்த்துக்கொள்கிற பானம்.

பரிமாறும் விதமும் பானத்தின் பாதி என்பதைக் கொள்ளுப்பிட்டியில் நாங்கள் நெடுநாளாகப் போய்வருகிற ஓர் இடத்தில் கண்டேன். அங்கே பரிமாறும் தம்பி ஹட்டன் பக்கத்தைச் சேர்ந்தவர். எங்கள் ஒவ்வொருவரின் வழக்கமும் அவருக்குத் தெரியும். குடியை நிறுத்தியிருந்த நண்பர் சில மாதங்கள் கழித்து எங்களோடு வந்தபோது, கதிரையை இழுத்து உட்காருவதற்குள் அவருடைய பழைய இரட்டை அளவுச் சாராயம் அன்போடு அவர் முன்னால் வந்துவிட்டது. நண்பர் கிளாஸைத் தொடாமல், "தம்பி, நான் இப்ப எடுக்கிறதில்லை" என்றார். "சரிங்கண்ணே" என்ற ஒரு சொல்லோடு தம்பி அதை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவருடைய தட்டில் திறக்காத சிறிய ஜின்ஜர் பியர் போத்தல் ஒன்றும், நாங்கள் எல்லோரும் வைத்திருந்த அதே வகை உயரமான கிளாஸும், விளிம்பில் செருகிய தேசிக்காய்த் துண்டும் இருந்தன. போத்தலை நண்பரின் கண்முன்னே திறந்து, பாதியை ஊற்றி, மீதியைக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏன், எப்போதிருந்து என்று ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த மாலை முழுவதும் எங்கள் கிளாஸ்களைக் கவனித்த அதே கவனத்தோடு அவருடையதையும் கவனித்தார். கேள்வி கேட்டவர்கள் எங்கள் பக்கத்திலேதான் இருந்தார்கள்.

அந்தத் தம்பி செய்தவற்றில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. உள்ளே எங்கோ ஊற்றிக் கொண்டுவரும் கிளாஸில் என்ன இருக்கிறது என்பது குடிப்பவருக்கு நிச்சயமில்லை. கண்முன்னே திறக்கும் போத்தலில் அந்தச் சந்தேகம் இல்லை. ஜின்ஜர் பியரும், சாராயம் கலந்த ஜின்ஜர் பியரும் மங்கிய வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிகின்றன. கிளாஸ்கள் மாறிப்போவதற்கு மிகவும் வாய்ப்புண்டு; பேச்சு சூடாகும்போது பக்கத்துக் கிளாஸை எடுத்துவிடுவது எவருக்கும் நேரலாம். போத்தல் பக்கத்தில் நிற்பதும் விளிம்பில் தேசிக்காய் இருப்பதும் அதற்கான காவல். போதைப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காக டைசல்பிராம் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது வெறும் சங்கடத்தோடு முடிவதில்லை. சிறிதளவு மதுசாரம் உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரக்கூடும். இந்தக் காரணத்துக்காகவே இன்னொன்றையும் கேட்டு நிறுத்தவேண்டும். சில இடங்களில் ஜின்ஜர் பியரிலும் லைம் சோடாவிலும் வாசனைக்காகச் சில துளி பிட்டர்ஸ் விடுகிறார்கள். உலகெங்கும் பயன்படுகிற அங்கொஸ்துரா பிட்டர்ஸில் 44.7 வீதம் மதுசாரம் இருக்கிறது. துளிகள்தானே என்று பலர் எண்ணுகிறார்கள். முற்றாக நிறுத்தியவருக்கு அந்தத் துளியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இனி இந்தப் பானம் பொருந்தாத இடங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது சீனி. இலங்கையில் 2016 ஆம் ஆண்டு முதல் மென்பான லேபிள்களில் சீனியின் அளவு நிற அடையாளத்தால் காட்டப்படுகிறது: சிவப்பு என்றால் அதிகம், செம்மஞ்சள் என்றால் நடுத்தரம், பச்சை என்றால் குறைவு. எந்த மென்பானத்தையும் ஒரு மாலையில் மூன்று நான்கு போத்தல் குடிக்க எண்ணுபவர் அந்த நிறத்தைப் பார்த்த பிறகே தொடங்குவது நல்லது. நம்மில் குடியை விடுகிறவர்களில் கணிசமானோர் நீரிழிவுக்காரர்கள். ஈரலில் கொழுப்பு என்று கேள்விப்பட்டு விட்டவர்களுக்கும் சீனியைக் குறைக்கும்படிதான் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு ஜின்ஜர் பியரை மாலை முழுவதற்குமான பானமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். முதற் கிளாஸுக்கு அதை எடுத்துக்கொண்டு, அடுத்ததிலிருந்து பாதி ஜின்ஜர் பியர், பாதி வெறும் சோடா, நிறையத் தேசிக்காய்ப் புளி, ஒரு சிட்டிகை உப்பு என்று கலந்தால் காரம் குறைந்தாலும் சுவை கெடுவதில்லை. உண்மையில் எனக்கு இந்தக் கலவையே கூடுதலாகப் பிடிக்கிறது. முழு ஜின்ஜர் பியரில் கடைசியில் நாக்கில் தங்கிவிடுகிற இனிப்பு இதில் இல்லை.

இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. இருபது வருடம் சாராயத்தோடு ஜின்ஜர் பியரையே கலந்து குடித்த ஒருவருக்கு, இந்த இஞ்சி மணம் சாராயத்தின் நினைவையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். அந்த மணத்தில் ஒன்று குறைகிறது என்று அவருடைய நாக்குத் தேடத் தொடங்கினால், நாம் உதவி என்று எண்ணிக் கொடுத்தது உபத்திரவமாகிவிடும். மதுசாரமற்ற பியர் என்று வருகிற இறக்குமதிப் போத்தல்களுக்கும் இது பொருந்தும். அவற்றின் மணமும் நுரையும் பழைய பியரை அப்படியே நினைவுபடுத்துவதற்காகத் தயாரிக்கப்பட்டவை. பல நாடுகளில் அந்த வகைப் போத்தலில் 0.5 வீதம் வரை மதுசாரம் அனுமதிக்கப்படுகிறது. அளவாகக் குடித்துவந்து உடல்நலத்துக்காக நிறுத்தியவருக்கு அது ஒத்துப்போகலாம். குடிக்கு அடிமைப்பட்டுப் போராடி மீண்டவருக்கு அதை நாமாகவே வாங்கி நீட்டக்கூடாது. ஆகவே ஜின்ஜர் பியரோ வேறெதுவோ, வந்தவரிடம் முன்னரே தனியாக "உனக்கு என்ன எடுக்க?" என்று கேட்டுவிடுவதுதான் ஒழுங்கு. எல்லோர் முன்னிலையிலும் கேட்கவேண்டியதில்லை. அன்று காலையில் ஒரு வட்ஸ்அப் செய்தி போதும்.

அப்படிக் கேட்டபோது எங்கள் நண்பர் சொன்ன பதில்கள் காலத்தோடு மாறின. தொடக்கத்தில் ஜின்ஜர் பியர் என்றார், பிறகு உப்புப் போட்ட லைம் சோடா, பகற்பொழுதானால் செவ்விளநீர். செவ்விளநீரைப் பற்றி ஒரு வார்த்தை: காலிமுகத்திடலில் வண்டிக்காரர் சீவித் தருகிற இடத்திலேயே அதற்கு அழகு, குளிரூட்டிய மண்டபத்தில் கிளாஸில் ஊற்றி வந்தால் அரை மணிநேரத்தில் சப்பென்று ஆகிவிடும். லைம் சோடா விலையிலும் உடலுக்கும் நல்லது. அதைச் சீனிப்பாகு இல்லாமல் தரும்படி தெளிவாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதிலும் இனிப்பு வந்து சேர்ந்துவிடும். மெனுவின் கடைசிப் பக்கத்து மொக்டெயில்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவற்றில் பெரும்பாலானவை பாகும் நிறமும் குடையும்தான். ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் முன்னால் அதை வைத்ததும் மேசையே திரும்பிப் பார்க்கிறது.

கொழும்பில் எங்கே போவது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. குடிப்பதற்கு மட்டுமே ஆட்கள் வருகிற இடத்தில் எந்தப் பானத்தை வைத்தாலும், நிறுத்தியவர் ஒரு மணிநேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டார். தேநீரும் சாப்பாடும் மதுவும் ஒரே கூரையின் கீழ் நடக்கிற இடங்கள் நல்லவை. 1864 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோல்பேஸ் ஹோட்டலின் வராந்தாவில் மாலைத் தேநீருக்கு வருகிறவர்களும் கடலைப் பார்த்தபடி ஒரு கிளாஸ் எடுக்கிறவர்களும் பக்கம் பக்கமாக உட்காருகிறார்கள். தேநீர்க் கோப்பை அங்கே எந்த விதத்திலும் குறைவானதல்ல. காலி வீதியிலுள்ள பெயார்புட் முற்றத்து உணவகமும், 2011 இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட கோட்டையின் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை வளாகமும் திறந்த முற்றங்கள் உள்ளவை. எழுந்து நடந்து, பக்கத்தில் எதையாவது பார்த்துவிட்டு வந்து உட்கார முடிகிற இடம் குடிக்காதவருக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைக் குடிக்கிறவர்கள் கவனிப்பதில்லை.

போயா நாளையும் மறந்துவிடக்கூடாது. ஒவ்வொரு பௌர்ணமியிலும் நாடு முழுவதும் மது விற்பனை நிறுத்தப்படுவதால், அன்று கொழும்பில் எந்த உணவகத்துக்குப் போனாலும் எல்லோர் கையிலும் ஒரே வகைப் பானங்கள்தான் இருக்கும். குடியை நிறுத்திய முதல் வாரங்களில் இருப்பவரோடு கூடுவதற்கு அதைவிட நல்ல மாலை கிடையாது. ஆனால் எல்லாச் சந்திப்புகளையும் அவருக்காகப் போயாவுக்கு மாற்றத் தொடங்கினால், தன்னால் மற்றவர்களின் மகிழ்ச்சி கெடுகிறது என்று அவர் எண்ணக்கூடும். எங்கள் நண்பர் அதை வெளிப்படையாகவே சொன்னார். தனக்காக எவரும் குடிக்காமல் இருக்கவேண்டாம், வெறியேறிய பிறகு ஒரே கதையை நாலு தரம் சொல்லாமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். அது நியாயமான கோரிக்கை. அவருக்கு நேரம் நீளமாகத் தோன்றுவது அந்தக் கடைசி ஒரு மணிநேரத்தில்தான். அவர் எழுந்து புறப்பட்டால் தடுக்காமல் வழியனுப்பிவிட வேண்டும். எல்லோரையும் வீட்டில் இறக்கிவிடும் சாரதி வேலையை, அவராக முன்வராத வரையில், அவர் தலையில் கட்டுவதும் சரியில்லை.

பில்லைப் பிரிப்பதில் நம்மிடம் பெரிய அநியாயம் ஒன்று நடக்கிறது. மொத்தத் தொகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பதே வழக்கம். இரண்டு ஜின்ஜர் பியர் குடித்தவரும் அரைப் போத்தல் சாராயம் குடித்தவரும் ஒரே தொகையைக் கொடுக்கிறார்கள். அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும் ஏறுகின்றன. மது விலை ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில், குடியை விட்டவர் மற்றவர்களின் குடிக்குக் காசு கட்டுகிறார் என்பதே அதன் பொருள். அவர் வாய்திறந்து சொல்லமாட்டார். சொன்னால் கஞ்சன் என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம். பைட்ஸையும் சாப்பாட்டையும் எல்லோரும் பிரித்துக்கொண்டு, மதுவை மட்டும் குடித்தவர்கள் பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை நாங்கள் கொண்டுவந்துவிட்டோம். கடைகளும் இதில் உதவலாம். கேட்டால் மதுவுக்குத் தனிப் பில் தருகிற இடங்கள் இருக்கின்றன. கேட்பதற்கு முன்னரே தந்தால் அந்த இடத்துக்கு நான் எல்லோரையும் அழைத்துப்போவேன். ஜின்ஜர் பியருக்கு அவர்கள் கடை விலையின் பல மடங்கை வைப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த விலைக்குக் குளிர்ந்த, திறக்காத போத்தலும் சுத்தமான கிளாஸும் கிடைக்கவேண்டும். பெரிய போத்தலிலிருந்து ஊற்றப்பட்டுக் காற்றுப்போன ஜின்ஜர் பியரைத் திருப்பி அனுப்புவதற்கு எவரும் கூச்சப்படத் தேவையில்லை. காற்றுப்போன பியரை எவரும் ஏற்றுக்கொள்வதில்லையே.

வீட்டில் கூடுவதானால் இந்தப் பானத்துக்கு நான் முழு மதிப்பெண்ணும் கொடுப்பேன். வெள்ளவத்தையில் எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கும். முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். ஐஸ் போட்டால் இஞ்சி நீர்த்துப் போவதால், கிளாஸைக் குளிரவைத்து ஐஸ் இல்லாமல் ஊற்றுங்கள். சாராயம் கலப்பவர்களுக்குப் பெரிய போத்தலும், குடிக்காதவருக்குச் சிறிய போத்தல்களும் எனத் தனித்தனியாக வாங்கி வையுங்கள். பெரிய போத்தல் திறந்து ஒரு மணிநேரத்தில் காற்றிழந்துவிடும். மேசையைச் சுற்றிப் போய்வரும் அந்தப் போத்தலை எந்தக் கை எந்தக் கிளாஸில் ஊற்றியது என்பதையும் பிறகு சொல்ல முடியாது. சிறிய போத்தல்களை மது நிற்கிற மேசையில் வைக்காமல் சமையலறைப் பக்கம் வேறாக வைத்தால், அவர் எவரையும் கேட்காமல் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம்.